மேலே ஓவியம், கீழே மூளை: யேல் மருத்துவ நூலகத்தைப் பார்க்கும் வரிசை

கனெக்டிகட் மாநிலம், நியூ ஹேவன் நகரம், சீடர் தெரு, எண் 333. யேல் பல்கலைக்கழகத்தின் ஹார்வி குஷிங் – ஜான் ஹே விட்னி மருத்துவ நூலகம் இந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறது. வெளியூரிலிருந்து இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைத் தேடித்தான் வருகிறார்கள். அடித்தளத்தில் கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக வைத்திருக்கும் மனித மூளைகள் அவை. நேரே கீழே இறங்கி, ஜாடிகளைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். மேல் தளத்துக் கண்ணாடிப் பேழைகளையும் அச்சுப் படங்களையும் கடந்துதான் போகிறார்கள், ஆனால் நின்று பார்ப்பவர் குறைவு. இந்த வரிசை தலைகீழானது. மூளைகளைச் சேர்த்து வைத்த ஹார்வி குஷிங் மூளை அறுவை மருத்துவர் மட்டுமல்லர். நன்றாக வரையத் தெரிந்தவர், பழைய உடற்கூற்று நூல்களுக்குக் காசைக் கொட்டியவர். படம் பார்க்கும் பழக்கத்தை மேலே கொஞ்சம் உண்டாக்கிக்கொண்டு இறங்கினால், கீழே இருப்பது வெறும் திகில் காட்சி அல்ல என்பது பிடிபடும்.

முதலில் போய்ச் சேரும் வழி. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் மெட்ரோ-நார்த் ரயில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் நியூ ஹேவன் யூனியன் நிலையம். அங்கிருந்து கால் மணி நேர நடை. கட்டணம் கிடையாது. ஆனால் இது அருங்காட்சியகம் அல்ல, மாணவர்கள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் மருத்துவக் கல்லூரி நூலகம். படம் ஒட்டிய அடையாள அட்டை கையில் இருக்கட்டும். யேல் அட்டை உள்ளவர்களுக்கு ஒரு நேரம், வெளியாருக்கு ஒரு நேரம். வெளியாருக்கான நேரம் விடுமுறைக் காலத்திலும் தேர்வுக் காலத்திலும் மாறும். ரயில் ஏறும் நாள் காலையில் நூலகத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

சென்னைக்காரர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. இந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையை ஆண்டவர். முறைகேட்டுப் புகார்களில் பதவி போனவர். அவர் காலத்தில் அந்தக் கோட்டையிலிருந்து அடிமைகளும் கப்பலேறினார்கள். 1718இல் கல்லூரிக்கு அவர் அனுப்பியது 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்று, 9 பொதி சரக்கு. அந்தச் சரக்கை விற்றதில் 560 பவுனுக்குமேல் கிடைத்தது. அவருடைய மகனின் கல்லறை இன்றும் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தையொட்டி நிற்கிறது. நூலகத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு ஒன்றுமில்லை. வாசலில் அந்தப் பெயரைப் படிக்கும்போது நினைவு வராமல் இருக்காது, அவ்வளவுதான்.

மேல் தளம்

இந்த நூலகம் உண்டானதே ஒரு ஒப்பந்தத்தால்தான். குஷிங், சுவிட்சர்லாந்தில் இருந்த ஆர்னால்டு கிளெப்ஸ், யேலின் உடலியங்கியல் பேராசிரியர் ஜான் ஃபுல்டன் ஆகிய மூவரும் தங்கள் அரிய மருத்துவ நூல்களை யேலுக்குக் கொடுப்பது, யேல் அவற்றுக்கு ஒரு வீடு கட்டுவது என்று பேசிக்கொண்டார்கள். குஷிங் 1939இல் இறந்தார். கட்டடம் 1941இல் திறந்தது. ஆங்கில ஒய் எழுத்தின் வடிவம். ஒரு கை அன்றாட மருத்துவ நூலகத்துக்கு, மறு கை மருத்துவ வரலாற்று நூலகத்துக்கு. காட்சிப் பேழைகள் நுழைவுப் பகுதியிலும் வட்டக் கூடத்திலும் இருக்கின்றன. இவை மாறிக்கொண்டே இருக்கும். சில மாதங்களுக்கு ஒரு தலைப்பு. எனவே குறிப்பிட்ட ஒரு நூலைப் பார்த்தே தீருவது என்று போனால் ஏமாற வாய்ப்புண்டு. எது வைத்திருந்தாலும் அதை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போவதுதான் புத்திசாலித்தனம்.

16ஆம் நூற்றாண்டு உடற்கூற்றியலாளர் வெசாலியஸிலிருந்து தொடங்கலாம். குஷிங் வாழ்நாள் முழுக்கத் துரத்திய ஆள் அவர்தான். 1543இல் பாசல் நகரில் அச்சான மனித உடற்கட்டமைப்பு நூல், சுருக்கமாக ஃபாப்ரிகா. ஏறக்குறைய 43 செ.மீ. உயரமுள்ள பெரிய புத்தகம். உள்ளே 200க்கும் மேற்பட்ட மரச்செதுக்குப் படங்கள். படங்களுக்கான பேரி மரக் கட்டைகள் வெனிசில் செதுக்கப்பட்டு, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி பாசலுக்குச் சுமந்து போகப்பட்டன. தசைகளை உரித்துக்கொண்டே போகும் மனித உருவங்களின் வரிசைதான் நூலில் பேர்போனது. அதில் எல்லோரும் உருவத்தையே பார்ப்பார்கள். நீங்கள் கால் பக்கம் பாருங்கள். பின்னணியில் இருக்கும் குன்று, பாலம், இடிந்த சுவர் எல்லாம் பக்கத்துக்குப் பக்கம் தொடரும். அடுத்தடுத்து வைத்தால் ஒரே நிலக்காட்சியாகச் சேரும். வெசாலியஸ் கற்பித்த பாதுவா நகரத்துக்கு அருகிலுள்ள நாட்டுப்புறம் அது என்பார்கள்.

அடுத்து, தசையின் மேல் போட்டிருக்கும் நிழல் கோடுகளுக்குள் பொடி எழுத்துகள் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் எதிர்ப்பக்கத்தில் விளக்கம். இங்கேதான் இந்த நூலின் பலமும் இடரும் ஒன்றாக இருக்கின்றன. படமும் சொல்லும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்படி எழுத்தைக் கோடுகளுக்குள்ளேயே வைத்தார்கள். ஆனால் மை கொஞ்சம் கூடினால் எழுத்து நிழலில் மூழ்கிவிடும். பல பிரதிகளில் பழைய வாசகர்கள் எழுத்தைச் சுற்றி மையால் வட்டம் போட்டதும், வண்ணம் தீட்டிப் பிரித்துக் காட்டியதும் இதனால்தான். பேழையில் இருக்கும் பிரதியில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த மரக்கட்டைகள் நான்கு நூற்றாண்டுகள் பிழைத்திருந்தன. 1934இல்கூட மியூனிக்கில் அவற்றிலிருந்தே புதிதாக அச்சடித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து அங்கேயே எரிந்துபோயின. அந்த 1934 அச்சும் 1543 அச்சும் அருகருகே கிடைத்தால், புதியதில் கோடுகள் இன்னும் கூர்மையாக இருப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். காகிதமும் அச்சு இயந்திரமும் மேம்பட்டதுதான் காரணம்.

மரச்செதுக்கையும் செப்புத்தகட்டு அச்சையும் பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு. செப்புத்தகட்டுப் படத்தைச் சுற்றிக் காகிதத்தில் தகட்டின் விளிம்பு அழுந்திய நாற்சதுரத் தடம் இருக்கும், ஏனென்றால் ஈரக் காகிதத்தை மிகுந்த அழுத்தத்தில் உருளைக்கடியில் ஓட்டுவார்கள். மரச்செதுக்கில் அந்தத் தடம் இராது. அதன் மேடான பகுதிதான் மை ஏற்கும், அச்செழுத்துகளும் அப்படியே. ஆகவே எழுத்தோடு ஒரே சட்டத்தில் பூட்டி, ஒரே தடவையில் அச்சடித்துவிடலாம். படத்துக்கு நடுவே, பக்கத்திலேயே வாசகம் ஓடினால் மரமென்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். 16ஆம் நூற்றாண்டிலிருந்து 17, 18ஆம் நூற்றாண்டு உடற்கூற்று நூல்களுக்கு நகரும்போது படங்கள் தனித் தாள்களாகப் பிரிந்து போவதன் காரணம் இதுதான். அழகு கூடியது, சொல்லும் படமும் தூரமாயின.

கிளெமெண்ட்ஸ் ஃப்ரை என்ற யேல் மனநல மருத்துவர் விட்டுச்சென்ற அச்சுகளும் ஓவியங்களும் சுமார் 2,000. ஹோகார்த், ரோலண்ட்சன், கில்ரே, குருக்‌ஷாங்க், டாமியே என்று மருத்துவர்களைக் கிண்டலடித்த பெரிய கைகளெல்லாம் இதில் உண்டு. மருத்துவக் கல்லூரிச் சுவரில் மருத்துவர்களையே கிழிக்கும் படங்களை மாட்டி வைப்பதற்கு ஒரு மனது வேண்டும். லண்டன் கேலிப்படங்களில் சிரிப்பை முடித்துக்கொண்டு, அடி விளிம்பில் பொடி எழுத்தில் ஓடும் வரியைப் படியுங்கள். வெளியிட்ட தேதி, வெளியிட்டவர் பெயர், பெரும்பாலும் கடை முகவரியும் இருக்கும். 1735இல் வந்த செதுக்குநர் காப்புரிமைச் சட்டம் தேதியைப் பொறிக்கச் சொன்னதன் பலன் அது. அந்தச் சட்டம் வரப் பாடுபட்டவர்களில் ஹோகார்த் முக்கியமானவர். அந்த வரி அறுபட்டிருந்தால் யாரோ சட்டத்துக்குள் அடைக்க ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள்; அச்சு சேகரிப்பவர்கள் அதைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். டாமியேயின் படங்கள் வேறு வகை: கல்லச்சு, பத்திரிகைக்காக. பின்பக்கத்துச் செய்தி எழுத்துகள் காகிதத்தை ஊடுருவி மங்கலாகத் தெரிந்தால் அது பத்திரிகையிலிருந்து வந்த தாள்.

வெளிச்சம் போதவில்லை என்ற புகார் இங்கே அடிக்கடி எழும். காகிதத்தில் அமைந்த படைப்புகளுக்கு அருங்காட்சியக வழக்கம் 50 லக்ஸ். வீட்டு வரவேற்பறையின் மங்கலான மூலை அளவு. கையால் தீட்டிய நீர்வண்ணம் இதற்கு மேல் வெளிச்சம் பட்டால் வெளிறும், வெளிறியது திரும்பி வராது. புத்தகத்தையும் ஒரே பக்கத்தில் நெடுநாள் திறந்து வைத்தால் தையல் தளரும். ஆகையால் பக்கம் மாற்றுவார்கள், சில வேளை நகலை வைப்பார்கள். கண்ணாடி அணிபவர்கள் வாசிப்புக் கண்ணாடியை மறக்க வேண்டாம். விளக்க அட்டைகளின் எழுத்து இளம் மருத்துவ மாணவர் கண்ணுக்கு ஏற்ற அளவில்தான் இருக்கிறது.

லாம் குவாவின் ஓவியங்கள்

இந்த நூலகத்தின் ஆகச் சிறந்த உடைமை எதுவென்று கேட்டால் மூளையைச் சொல்லமாட்டேன். சீனாவின் கான்டன் (இன்றைய குவாங்சோ) நகர ஓவியர் லாம் குவா வரைந்த நோயாளிகளின் எண்ணெய் வண்ணப் படங்களைத்தான் சொல்வேன்.

யேலில் இறையியலும் மருத்துவமும் படித்த பீட்டர் பார்க்கர் 1835 நவம்பரில் கான்டனில் ஒரு கண் மருத்துவமனை திறந்தார். அவரை அனுப்பிய அமெரிக்க மிஷன் சங்கம்தான் ஜான் ஸ்கடரையும் பின்னர் சாமுவேல் கிரீனையும் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கிய அதே கிரீன். பார்க்கரிடம் கண் நோயாளிகளோடு பெரிய கட்டிகளைச் சுமந்தவர்களும் வந்தார்கள். மருத்துவம் இலவசம் என்பதால் லாம் குவாவும் காசு வாங்காமல் அவர்களை வரைந்து கொடுத்தார். அவருடைய உறவுப் பையன் ஒருவன் பார்க்கரிடம் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். இன்று எஞ்சியிருக்கும் 114 படங்களில் 86 யேலில். லண்டன் கைஸ் மருத்துவமனையின் கோர்டன் அருங்காட்சியகத்தில் 23. மீதி கார்னெலிலும் ஹார்வர்டிலும்.

லாம் குவாவின் மேற்கத்தியப் பாணி, சீனக் கரையோர மக்காவுவில் வாழ்ந்த ஆங்கில ஓவியர் ஜார்ஜ் சின்னரியின் பாணி. சின்னரியிடம் கற்றார் என்று சிலர் சொல்ல, சின்னரி அதை மறுத்தார். அந்தச் சின்னரி 1802 முதல் 1807 வரை சென்னையில் வரைந்துகொண்டிருந்தவர்.

ஒவ்வொரு படமும் சுமார் இரண்டடி உயரம், ஒன்றரை அடி அகலம். பெரும்பாலானவை அறுவைக்கு முன் வரைந்தவை. மயக்க மருந்து உலகத்துக்குத் தெரிய வந்தது 1846இல்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இவற்றைப் பார்க்க வேண்டும். 1830களில் வரையப்பட்ட ஒவ்வொருவரும் முழு உணர்வோடு கத்திக்குக் காத்திருக்கிறவர். முகத்தில் அது துளியும் இல்லை. கட்டி கழுத்தைவிடப் பெரிதாகத் தொங்கும். கண்கள் எதிரே இருப்பவரை அமைதியாகப் பார்க்கும். கட்டியின் தோலில் இரத்தக் குழாய்களும் பளபளப்பும் அச்சு அசலாக இருக்கும். உடையின் மடிப்புகள் நாலே தீற்றலில் முடிந்திருக்கும். நேரத்தை எங்கே செலவிட வேண்டும் என்று ஓவியருக்குத் தெரிந்திருக்கிறது. பார்க்கர் இவற்றில் சிலவற்றை 1840களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் கொண்டுபோய், காட்டிப் பேசி, மருத்துவமனைக்கு நிதி திரட்டினார். ஆக இவை நோய்ப் பதிவு, மனிதர் உருவப்படம், நன்கொடை விளம்பரம் மூன்றுமே. எந்தக் கண்ணால் பார்ப்பது என்ற தடுமாற்றம் வந்தால் அது படத்தின் குறையல்ல.

எண்பத்தாறையும் சுவரில் ஒருசேர மாட்டி வைத்திருக்க மாட்டார்கள். எண்ணெய் வண்ணத்துக்கு வெளிச்சம் அவ்வளவு பகையல்ல, துணியும் சட்டமும்தான் ஈரப்பத மாற்றத்துக்கு அஞ்சுபவை. ஒன்றிரண்டு காட்சியில் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் யேல் நூலகத்தின் மின்னணுத் தொகுப்பில் பார்க்கலாம்.

கீழ்த்தளம்

மூளைகள் இருக்கும் இடத்துக்குக் குஷிங் மையம் என்று பெயர். 2010 ஜூனில் திறந்தது. வடிவமைத்தவர் டர்னர் புரூக்ஸ் என்ற கட்டடக் கலைஞர். நூலகத்தின் அடித்தளத்துக்கும் கீழே. வளைந்து செல்லும் மர அலமாரிகள், அவற்றின் மேல் உள்ளிருந்து ஒளிரும் தட்டுகள், தட்டுகளில் நானூறுக்கும் மேற்பட்ட ஜாடிகள்.

இந்தச் சேகரம் ஒரு கோபத்தில் தொடங்கியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குஷிங் இளம் அறுவை மருத்துவராக இருந்தபோது, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த நீர்க்கட்டி ஒன்றை நோய்க்கூற்றுத் துறை தொலைத்துவிட்டது. இனி என் நோயாளியின் திசு என்னிடமே இருக்கும் என்று அன்றிலிருந்து அடம்பிடித்தார். 1913 முதல் 1932 வரை பாஸ்டனின் பீட்டர் பென்ட் பிரிகம் மருத்துவமனையில் இருந்த காலத்தில் சேகரம் பெருகி, அவர் யேலுக்கு வந்தபின் இங்கே வந்தது. சுமார் 2,200 நோயாளிகளின் வரலாறுகள், 15,000க்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள், ஸ்லைடுகள், குறிப்புகள். அவர் இறந்தபின் ஸ்கேனும் புதிய நோய்க்கூற்றியலும் வந்து இவற்றுக்கு வேலை இல்லாமல் போனது. மருத்துவ மாணவர் விடுதியின் அடித்தளத்தில் தூசி படிந்து கிடந்தன. இரவில் மாணவர்கள் கள்ளத்தனமாக இறங்கிப் பார்த்துவிட்டு, அங்கே ஒரு பலகையில் பெயரை எழுதி வருவது சடங்காக இருந்தது. 1990களில் அப்படி இறங்கிய ஒரு மாணவர் இதையே ஆய்வேடாக எடுத்துக்கொண்டதுதான் மீட்பின் தொடக்கம்.

ஜாடிகளுக்கு முன் நிற்கும்போது ஒன்றை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். முழு மூளை ஜாடியில் இருந்தால், அது பிரேதப் பரிசோதனையிலிருந்து வந்தது. பிழைத்து வீட்டுக்குப் போனவரிடமிருந்து கிடைத்தது கட்டித் துண்டு மட்டுமே. ஆகவே இந்த அறை கண்ணுக்கு முன்னால் வைத்திருப்பது குஷிங்கின் தோல்விகளை. வெற்றிகள் புகைப்படங்களிலும் குறிப்புகளிலும் இருக்கின்றன. மூளை அறுவையில் பெரும்பாலோர் இறந்துபோன காலத்தில் தன் நோயாளிகளின் இறப்பு விகிதத்தைப் பத்து விழுக்காட்டை ஒட்டிக் கொண்டுவந்தவர் அவர். 1931 ஏப்ரலில் 2,000ஆவது மூளைக் கட்டியைத் தொட்டார். இது தெரியாமல் ஜாடிகளை எண்ணினால் மனிதரைப் பற்றித் தப்பான முடிவுக்கு வருவோம். இரண்டு வகையிலும் சேராதவர்களும் உண்டு. பிலிப்பைன்ஸ் ஆளுநராக இருந்த ஜெனரல் லியனார்டு வுட்டின் மூளை இங்கே இருக்கிறது. 1910இல் குஷிங் அவருக்குக் கட்டியை எடுத்தார். அது மீண்டும் வளர்ந்து, 1927இல் மறு அறுவைக்குப் பின் இறந்தார். இடையே கிடைத்தது பதினேழு ஆண்டுகள்.

எதைப் பார்ப்பது? மெனிஞ்சியோமா, மூளையின் உறையிலிருந்து கிளம்பும் கட்டி. 1922இல் அந்தப் பெயரைச் சூட்டியவரே குஷிங்தான். அது மூளையை வெளியிலிருந்து தள்ளும். கட்டியை எடுத்த இடத்தில் கிண்ணம்போல் வழவழப்பான பள்ளம் இருக்கும், விளிம்பு தெளிவாக இருக்கும். கிளையோமா மூளைத் திசுவிலிருந்தே பிறப்பது. அதற்கு எல்லை கிடையாது. வெட்டிய முகத்தில் ஒரு பக்கம் உப்பி, நடுக்கோடு எதிர்ப்பக்கம் நகர்ந்திருக்கும், ஆனால் கட்டி எங்கே முடிகிறது என்று விரலால் காட்ட முடியாது. ஒன்றை முழுதாக எடுக்க முடிந்ததும் மற்றதை முடியாமல் போனதும் ஏன் என்பது இரண்டு ஜாடிகளை அடுத்தடுத்துப் பார்த்தாலே விளங்கிவிடும். காலத்தையும் கவனியுங்கள். 1911இல் வெள்ளிக் கிளிப்புகள், 1926 அக்டோபரில் இயற்பியலாளர் போவியின் மின்கத்தி. இரத்தப் பெருக்கை அடக்கும் வழி கிடைத்தபின்தான், அதுவரை தொடப் பயந்த கட்டிகளிடம் அவர் மீண்டும் போனார்.

மூளையின் நிறம் பலரை ஏமாற்றும். ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் இட்ட மூளை இளஞ்சிவப்பு அல்ல, வெளிறிய சாம்பல் மஞ்சள். புதிய மூளை பஞ்சுபோல் மெத்தென்றிருக்கும். தரையில் வைத்தால் தன் எடையிலேயே தட்டையாகிவிடும். அதனால் அடிப்பகுதித் தமனிக்குக் கீழே நூலைக் கொடுத்து, 10 விழுக்காடு ஃபார்மலினில் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். ஃபார்மலின் உள்ளே ஊடுருவ நாளாகும். குறைந்தது இரண்டு வாரம் வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் நடுப்பகுதி இறுகாமல் குழையும். ஒரு பக்கம் தட்டையான மூளை தெரிந்தால், நோய் என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலும் தொங்கவிட்ட விதத்தின் கோளாறு. திரவம் மஞ்சளாக இருப்பதற்கு, திசுவிலிருந்து கொழுப்பும் நிறமியும் கசிவதுதான் காரணம். மூடியின் அடைப்பு விட்டால் திரவம் ஆவியாகி மட்டம் இறங்கும்; காற்றில் படும் பகுதி சுருங்கிக் கறுக்கும், பிறகு எதில் ஊறவைத்தாலும் பழைய உருவம் திரும்பாது. விடுதி அடித்தளத்தில் கிடந்த காலத்தில் இந்தச் சேகரத்துக்கு நேர்ந்த பெரும் ஆபத்து அதுதான்.

புகைப்படங்களுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கண்ணாடித் தகட்டு நெகட்டிவ்களிலிருந்து பெரிதாக்கி அச்சிட்ட முகங்கள். கைகளை மார்பின் மேல் விரித்து வைத்திருப்பவர்கள் கும்பிடவோ நாடகமாடவோ இல்லை. பிட்யூட்டரி கட்டியால் முகமும் கையும் பருத்துப் போகும் அக்ரோமெகலியை ஒரே படத்தில் பதிவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். சிலருக்குக் காதுக்கு மேலே பெரிய புடைப்பு இருக்கும். அதைக் கட்டி என்று நினைப்பவர்கள் பலர். கட்டியை எட்ட முடியாதபோது, தலைக்குள் ஏறும் அழுத்தத்தைத் தணித்துப் பார்வையைக் காப்பாற்ற, பொட்டுப் பகுதியில் மண்டையோட்டில் ஒரு சன்னல் வெட்டிவிடுவது குஷிங்கின் வழி. அந்தச் சன்னல் வழியே மூளை தோலுக்கடியில் பிதுங்கி நிற்கிறது. ஸ்கேன் இல்லாத காலம். எக்ஸ்ரேயில் மூளைத் திசு தெரியாது. கட்டி எங்கே என்பதை நடை, பேச்சு, பார்வைப் புல வரைபடம் இவற்றை வைத்துத்தான் பெரும்பாலும் ஊகிக்க வேண்டும். இரு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை மட்டும் போயிருந்தால் பிட்யூட்டரி கட்டி பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தை அழுத்துகிறது. புகைப்படக்காரர் எடுத்தது ஞாபகச் சின்னம் அல்ல, சான்று.

படமெடுக்க ஆள் இருந்தும் குஷிங் ஏன் வரைந்தார் என்று கேட்கத் தோன்றும். இரத்தம் தேங்கிய குறுகிய குழிக்குள் கேமராவுக்கு எல்லாம் ஒரே கறுப்பு. எந்தக் குழாயைக் கட்டியது, எந்த அடுக்கை விலக்கியது என்பதைக் கையால் வரைந்தால்தான் சொல்ல முடியும். வேண்டாததை விட்டுவிட முடிவது வரைபவருக்கு வாய்த்த வசதி. ஹாப்கின்ஸில் மருத்துவ ஓவியத்துக்குத் தனித் துறையே தொடங்கிய மாக்ஸ் புரோடலோடு பழகிய கை அவருடையது. அறுவை முடிந்ததும் குறிப்போடு படத்தையும் போட்டுவிடுவார். மேலே வெசாலியஸின் பக்கத்தில் எழுத்துகளைத் தேடிய கண், இங்கே குஷிங் அம்புக்குறி போட்ட இடத்தைத் தானாகத் தேடும்.

அலமாரிகளுக்கடியில் இருக்கும் இழுப்பறைகளை இழுத்துப் பார்க்கத் தயங்க வேண்டாம், அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். நாம் பார்த்தவரை பெரும்பாலோர் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மெதுவாக இழுத்து, பார்த்தபின் முழுக்க மூடிவிடுங்கள். பாதி திறந்த இழுப்பறையில் வெளிச்சம் விழுந்துகொண்டே இருக்கும்.

குறைகளுக்கு வருவோம். மேல் வரிசை ஜாடிகள் கண் மட்டத்துக்கு மேலே. குள்ளமானவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் அடிப்புறத்தை மட்டும்தான் பார்க்க முடியும். உள்ளிருந்து வரும் ஒளி அழகுக்கு நன்று. கண்ணாடியின் வளைவும் திரவமும் சேர்ந்து உருவத்தை ஊதிக் காட்டும் என்பதால் கட்டியின் அளவை ஊகிப்பதற்கு நன்றல்ல. நேர் எதிரே நின்று, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறழ்ச்சி குறையும். பெரிய குறை வேறு. ஒரே நோயாளியின் முகம், வரைபடம், ஸ்லைடு, ஜாடி, கடைசியாக வந்த கடிதம் என எல்லாவற்றையும் ஒரே கோட்டில் பிடித்துத் தரும் சேகரம் உலகில் மிகக் குறைவு. இந்தச் சேகரத்தின் உயிரே அந்தக் கோர்வைதான். அறையோ ஜாடிகளின் அணிவகுப்பாகத்தான் முதலில் கண்ணில் படுகிறது. நாலைந்து நோயாளிகளையாவது தொடக்கம் முதல் முடிவு வரை பிரித்துக் காட்டியிருந்தால் மீதியை நாமே படித்துக்கொள்வோம்.

இன்னொன்று லூயிஸ் ஐசன்ஹார்ட். குஷிங்கிடம் உதவியாளராகச் சேர்ந்து, பிறகு மருத்துவம் படித்துத் திரும்பி, கட்டி ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் பார்த்து வகைப்படுத்தி, நோயாளிகள் பிழைத்தார்களா இறந்தார்களா என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தவர் அவர். 1938இல் வந்த மெனிஞ்சியோமா நூலில் குஷிங்கோடு அவர் பெயரும் உண்டு. 1944இல் தொடங்கிய நரம்பு அறுவை இதழின் முதல் ஆசிரியரும் அவரே. ஜாடிகளைச் சேர்த்தவர் குஷிங் என்றால், அவற்றைப் படிக்கத்தக்கதாக்கியவர் ஐசன்ஹார்ட். வருபவர்கள் குஷிங்கின் பெயரோடு திரும்பிவிடுகிறார்கள்.

இந்த மனிதர்கள் காட்சிக்கு ஒப்புக்கொண்டார்களா என்ற கேள்வியும் எழத்தான் செய்யும். இன்றைய பொருளில் ஒப்புதல் படிவம் அந்தக் காலத்தில் இல்லை. குடும்பத்தாரிடம் பிரேதப் பரிசோதனைக்கு அனுமதி கேட்பார்கள், அவ்வளவே. முகத்தை இத்தனை பெரிதாக மாட்டுவது சரியா என்பதில் மருத்துவ வரலாற்றாளர்களிடையே ஒருமித்த கருத்து வராது. சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுக்கும் இடம் அல்ல என்பதில் வரும். படமெடுப்பது பற்றி உள்ளே போகுமுன் பணியாளரிடம் கேட்டுவிடுங்கள். குழந்தைகளை அழைத்துப்போகலாமா என்றால், பத்து வயதுக்குக் கீழே வேண்டாம் என்பது நம் எண்ணம். மூளை அவர்களைப் பயமுறுத்தாது, முகங்கள் பயமுறுத்தும்.

நேரக் கணக்கு: மேலே ஒரு மணி, கீழே ஒன்றரை மணி. காலையில் வந்தால் கீழ்த்தளத்தில் கூட்டம் குறைவு. குறிப்பிட்ட நூலையோ அச்சையோ கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமானால் வரலாற்று நூலகத்துக்கு முன்கூட்டியே எழுதி நேரம் வாங்க வேண்டும். வந்து நின்று கேட்டால் கிடைக்காது. பட்டியல் எண்ணோடு எழுதினால் பதில் சீக்கிரம் வரும். எந்த அரிய நூல் அறையையும்போலப் பையை வெளியே வைத்துவிட்டு, பேனாவுக்குப் பதில் பென்சிலோடு போகத் தயாராக இருங்கள். லாம் குவாவின் படங்கள் காட்சியில் இல்லாவிட்டால், ஊர் திரும்பியபின் இணையத் தொகுப்பில் அவர் வரைந்த ஒரு சிறுமியின் படத்தைத் தேடிப் பெரிதாக்குங்கள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள், நீண்ட சடை முதுகின் மேல் தொங்கும், கட்டி அதற்குக் கீழே இருக்கும், முகம் மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருக்கும்.